பரம்பரையாய் வரும் நீர்க்கட்டிகள்: டொக்டர் ஸ்டெபன் சொம்லோவின் ஆராய்ச்சி



சிறுநீரக வருத்தம் என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று சீனி வருத்தம், மற்றது பிறசர். கொஞ்சக் காலமாக மூன்றாவதாக ஊர்த் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. பதவியா, மதவாச்சி போன்ற இடங்களில் 1990களிலிருந்து கமக்காரர்களை வாட்டி வரும், காரணம் முழுதாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அதனால் ஊரிலிருந்து வந்த எவருக்குச் சிறுநீரகம் பழுதானாலும் "தண்ணிதான் காரணம்" என்று கதையை முடித்துவிடுகிறோம். இந்த மூன்றும் உண்மையில் இருப்பவைதான். நான் இன்றைக்குப் பேச வந்தது நாலாவது ஒன்றைப் பற்றி. அது தண்ணீரால் வருவதல்ல, சீனியால் வருவதுமல்ல. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு இறங்கி வருவது.

நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆகையால் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் இந்த நோயைக் கண்டுபிடித்த விதம் ஒரு நல்ல கணக்காய்வு போல இருக்கிறது. எங்கே பிழை, எந்தப் பக்கத்தில் பிழை, அந்த ஒரு பிழையால் எத்தனை கணக்குகள் பிழைத்துப் போயின என்று ஒரு மனிதர் முப்பது வருடத்துக்கு மேலாகத் தேடியிருக்கிறார். அவருடைய பெயர் டொக்டர் ஸ்டெபன் சொம்லோ. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகளாகச் சிறுநீரக வைத்தியப் பேராசிரியர், அத்தோடு மரபியல் பேராசிரியர். நோயாளியையும் பார்த்து ஆய்வுகூடத்திலும் வேலை செய்கிற வகையைச் சேர்ந்தவர்.

முதலில் நோயைப் பார்ப்போம். வைத்தியர்கள் இதைப் பொலிசிஸ்ரிக் கிட்னி என்பார்கள், சுருக்கமாக பி.கே.டி. தமிழில் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் என்று சொல்லலாம். ஒரு நல்ல சிறுநீரகம் மூடிய கையளவு இருக்கும், ஏறத்தாழ 150 கிராம் நிறை. அதற்குள் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகளும் குழாய்களும் இருக்கின்றன. இந்த நோயில் அந்தக் குழாய்களின் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கொப்புளம் கிளம்பி, தண்ணீர் நிரம்பி, வருடக் கணக்கில் பெருக்கும். திராட்சைக் குலை போல நூற்றுக்கணக்கான கட்டிகள். கடைசியில் ஒரு சிறுநீரகமே சில கிலோ நிறைக்கு வந்துவிடும். இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. ஆனால் பக்கத்திலுள்ள நல்ல பகுதிகளை நெரித்து நெரித்தே அழித்துவிடும். இதே ஆட்களில் பெரும்பாலானோருக்கு வயது ஏற ஈரலிலும் இப்படிக் கட்டிகள் வரும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த நோய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், பரம்பரையாக வரும் சிறுநீரக நோய்களில் ஆகக் கூடுதலானது இதுதான். எந்த இனத்தையும் விட்டுவைக்காத நோய்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கிறியாற்றினின் என்று ஒரு எண் வருமே, அது இந்த நோயில் இருபது முப்பது வருடம் நல்ல எண்ணாகவே வந்துகொண்டிருக்கும். பழுதான பகுதியின் வேலையை மிச்சப் பகுதி இழுத்துச் செய்துவிடும். சில வியாபாரங்களில் பார்த்திருக்கிறேன். வருட முடிவில் இலாபம் காட்டுவார்கள், வரி கட்டுவார்கள், வங்கியும் கடன் கொடுக்கும். களஞ்சியத்துக்குள் போய்ப் பார்த்தால் அரைவாசிச் சாமான் பழுதாகிப் போயிருக்கும். இலாப நட்டக் கணக்கில் அது தெரிய வரும்போது கடையைக் காப்பாற்ற நேரம் போதாது. இதற்காகத்தான் இப்போது சிறுநீரகத்தின் மொத்தப் பருமனை ஸ்கான் மூலம் அளக்கிறார்கள். களஞ்சியத்தை எண்ணுவது போல. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ஒரு கூட்டு ஆய்வு, 2006இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. கிறியாற்றினின் அசையாமல் இருக்கும்போதே பருமன் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டு போவதை அது காட்டியது.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. பரம்பரைக் கணக்குப் புத்தகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1985இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் டொக்டர் ஸ்டீபன் ரீடர்ஸ் முதலானவர்கள், நோயுள்ள குடும்பங்களின் இரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை 16ஆம் புத்தகத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். புத்தகம் தெரிந்தது, பக்கம் தெரியவில்லை. பக்கத்தைப் பிடிக்க மேலும் ஒன்பது வருடம் சென்றது. அதற்குக் காரணம், அந்த மரபணுவின் பெரும் பகுதி அதே நிறமூர்த்தத்தில் இன்னும் ஆறு இடங்களில் போட்டோப் பிரதி எடுத்தது போலக் கிடந்தது. ஏழும் ஒன்றுபோல இருந்தால் எது அசல், எது பிரதி என்று எப்படிப் பிரிப்பது?

பிரித்துக் காட்டியது போர்த்துக்கலைச் சேர்ந்த ஒரு குடும்பம். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் 16ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டும் 22இல் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டியிருந்தன. இருவருக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். மகனுக்கு வேறொரு மரபு நோய். துண்டு முறிந்த இடத்தைத் தேடிப் போனால் அசல் மரபணு அங்கேயே முறிந்து கிடந்தது. 1994இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு அதை வெளியிட்டது. பி.கே.டி. ஒன்று என்று அதற்குப் பெயர். ஒரு குடும்பம் தன் வருத்தத்தை வெளியில் சொல்லி இரத்தமும் கொடுத்தபடியால் வந்த கண்டுபிடிப்பு இது என்பதைக் கவனியுங்கள். திரும்பவும் இந்த விஷயத்துக்கு வருவேன்.

இதற்கிடையில் சில குடும்பங்கள் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அதே நோய், அதே கட்டிகள், ஆனால் 16ஆம் நிறமூர்த்தத்தில் பிழை இல்லை. 1993இல் அவர்களுடைய பிழை 4ஆம் நிறமூர்த்தத்தில் என்று தெரிந்தது. அப்போது நியூயோர்க்கில் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த சொம்லோவின் குழு 1996இல் அந்த மரபணுவைப் பிடித்தது. மூன்று குடும்பங்களில் நோயாளிகளிடம் அந்த மரபணுவின் எழுத்து நடுவழியில் வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டி அதை உறுதிப்படுத்தினார்கள். இது பி.கே.டி. இரண்டு. நோயாளிகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் முதலாவது வகை, ஆறில் ஒருவர் அளவில் இரண்டாவது வகை. முதலாவது கடுமையானது, சராசரியாக 54 வயதளவில் சிறுநீரகம் கைவிடும். இரண்டாவது மெதுவானது, 70ஐத் தாண்டிப் போகும். "அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதில்தானே வந்தது" என்று சில குடும்பங்கள் சொல்வதும், "எங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டியவர் இல்லை" என்று வேறு குடும்பங்கள் சொல்வதும் இதனால்தான்.

சொம்லோவின் அடுத்த வேலைதான் எனக்கு ஆகவும் பிடித்தது. ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். பிழையான மரபணு பிறக்கும்போதே உடம்பின் எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. அப்படியானால் பத்து இலட்சம் குழாய்களும் ஒரே நாளில் கட்டியாக வேண்டுமே. ஏன் அங்கொன்று இங்கொன்றாக, அதுவும் முப்பது நாற்பது வயதுக்குப் பிறகு தெரிய வருகிறது?

ஒவ்வொரு மரபணுவுக்கும் எங்களிடம் இரண்டு பிரதிகள். தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. கந்தோர்ப் பிரதி பழுதானாலும் வீட்டிலுள்ள பிரதியைப் பார்த்துக் கணக்கை எழுதலாம். வீட்டுப் பிரதியும் கிழிந்தால்தான் ஆபத்து. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டொக்டர் கிரெகரி ஜெர்மினோவின் குழு 1996இல், நோயாளிகளின் கட்டிகளில் இரண்டாவது பிரதியும் பழுதாகியிருப்பதைக் கண்டது. சொம்லோவின் குழு 1998இல் அதை எலிகளில் செய்து காட்டியது. அந்த எலிகளின் பி.கே.டி. இரண்டு மரபணு நிலையில்லாத ஒன்று. சில கலங்களில் தானாகவே அழிந்துபோகும். எந்தக் கலத்தில் அழிந்ததோ அங்கே கட்டி வந்தது. மனிதனின் நோயைப் போலவே ஈரலிலும் வந்தது. ஆக, பிள்ளைக்கு வருவது முதல் அடி மட்டும். இரண்டாவது அடி வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கலமாக விழுகிறது. "இவ்வளவு காலமும் நல்லாத்தானே இருந்தனான், பரம்பரை எண்டால் சின்னனிலேயே வந்திருக்க வேண்டாமோ?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிறகு ஈரல். சில குடும்பங்களில் சிறுநீரகம் சுத்தமாக இருக்கும், ஈரலில் மட்டும் நூற்றுக்கணக்கான கட்டிகள் இருக்கும். இது வேறு நோய், ஆனால் ஒன்றுவிட்ட சகோதரம் போல. 2003இல் நெதர்லாந்துக் குழு ஒன்றும் சொம்லோவின் குழுவும் தனித்தனியே இதற்கான முதல் மரபணுவைக் கண்டுபிடித்தன. 2004இல் சொம்லோவின் குழு இரண்டாவதையும் கண்டது. வந்த விடை எல்லோரையும் குழப்பியது. இந்த இரண்டு மரபணுக்களும் செய்யும் வேலை ஈரலுக்கு மட்டும் உரியதல்ல. புதிதாகச் செய்த புரதங்களை மடித்துச் சரிபார்த்து அனுப்பும் பொதுவான வேலை, எல்லாக் கலங்களிலும் நடப்பது. பிறகு ஏன் ஈரலில் மட்டும் கட்டி?

2011இல் விடை வந்தது. இந்தச் சரிபார்க்கும் வேலை கெட்டால், பி.கே.டி. ஒன்று செய்யும் பொலிசிஸ்ரின் ஒன்று என்ற புரதம் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. வேறு பல புரதங்கள் அதைச் சமாளிக்கும், இது சமாளிக்காது. அளவு கொஞ்சம் குறைந்தால் முதலில் ஈரலின் பித்தக் குழாய்கள் தாங்காது, நன்றாகக் குறைந்தால் சிறுநீரகமும் தாங்காது. வெவ்வேறு பெயரில் ஐந்து மரபணுக்கள், வெவ்வேறு நோய்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே புரதத்தின் அளவு. ஐந்து கிளைக் கணக்குகளிலும் வந்த பற்றாக்குறை ஒரே வங்கிக் கணக்கில் என்று கண்டுபிடித்தது போல. அந்த ஐந்தில் ஒன்று பிஞ்சுக் குழந்தைகளைத் தாக்கும் இன்னொரு நோய்க்கு உரியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஈரல் கட்டிகள் பெண்களுக்குத்தான் கூடுதலாகவும் பெரிதாகவும் வருகின்றன. பெண் ஹோர்மோன் இதில் பங்கு வகிக்கிறது. ஆகவே இந்த நோயுள்ள பெண்கள் கருத்தடை மாத்திரையோ மாதவிடாய் நின்ற பின் கொடுக்கும் ஹோர்மோன் மருந்தோ எடுக்கும் முன் வைத்தியரிடம் இதைச் சொல்ல வேண்டும். வயிறு ஊதி, சாப்பிட முடியாமல், மூச்சு முட்டும் நிலை சிலருக்கு வரலாம். என்றாலும் ஈரலின் வேலை பெரும்பாலும் கெடுவதில்லை. "ஈரலில் கட்டியாம்" என்று ஸ்கான் கடதாசியைப் பார்த்ததும் புற்றுநோய் என்றும் குடிப்பழக்கம் என்றும் கதை கட்டுகிறவர்கள் எங்கள் மத்தியில் உண்டு. இரண்டும் இல்லை.

சொம்லோவின் பிந்திய ஆய்வுகளைச் சொல்வதற்கு முன் ஒரு புழுவையும் ஒரு பாசியையும் சொல்ல வேண்டும். 1999இல் மண்ணில் வாழும் ஒரு மிகச் சிறு புழுவில், பி.கே.டி. ஒன்றைப் போன்ற மரபணு அதன் உணர்நரம்புகளின் நுனியிலுள்ள பிசிரில் வேலை செய்வதைக் கண்டார்கள். 2000இல் குளத்துப் பாசி ஒன்றின் பிசிரை ஆராய்ந்தவர்கள், அதற்கு வேண்டிய அதே மரபணு கெட்ட எலிக்குச் சிறுநீரகத்தில் கட்டி வருவதைக் கண்டார்கள். எங்கள் சிறுநீரகக் குழாய்க் கலங்களிலும் ஒவ்வொன்றிலும் ஒற்றைப் பிசிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. தேவையில்லாத மிச்சம் என்று பல காலம் ஒதுக்கி வைத்த பிசிர். பொலிசிஸ்ரின் புரதங்கள் இரண்டும் அங்கேதான் இருந்து வேலை செய்கின்றன.

2013இல் சொம்லோவின் குழு ஒரு விசித்திரமான முடிவைச் சொன்னது. பொலிசிஸ்ரின் இல்லாத எலிக்குக் கட்டி வேகமாக வளர்கிறது. அதே எலியில் பிசிரையும் அகற்றிவிட்டால் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடுகிறது! அப்படியென்றால் பிசிரிலிருந்து வளரச் சொல்லி ஏதோ ஒரு கட்டளை போகிறது, பொலிசிஸ்ரின் அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கட்டளை எது என்று தெரிந்தால் அதை மருந்தால் மறிக்கலாம். அதைத்தான் தேடுகிறார்கள்.

2021இல் வந்தது இன்னும் பெரிய செய்தி. எலிகளில் மரபணுவை நிறுத்திக் கட்டிகளை வளரவிட்டு, பிறகு அதே மரபணுவை மீண்டும் இயங்க வைத்தார்கள். கட்டி வளர்வது நிற்கும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் இருந்த கட்டிகளே வேகமாகச் சுருங்கி, சிறுநீரகம் பழைய வடிவத்துக்குக் கிட்ட வந்தது. கெட்டது கெட்டதுதான் என்று இருந்த எண்ணத்தை அது மாற்றியது. இது எலியில், அதுவும் ஆய்வுகூடத்தில் சாவி போட்டுத் திறப்பது போல ஆயத்தம் செய்த எலியில். மனிதருக்கு இப்படிச் செய்யும் சிகிச்சை இன்றைக்கு இல்லை. "கட்டி கரைக்கிறோம்" என்று யாராவது போத்தலில் அடைத்து விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

அப்போ இன்றைக்கு என்ன இருக்கிறது? தொல்வப்ரான் என்ற மாத்திரை இருக்கிறது. மேயோ கிளினிக்கின் டொக்டர் விசென்ரே ரொரஸ் தலைமையில் 1,445 பேரில் மூன்று வருடம் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து எடுக்காதவர்களின் சிறுநீரகம் வருடத்துக்கு 5.5 வீதம் பெருத்தது, எடுத்தவர்களுக்கு 2.8 வீதம். கனடாவில் 2015இல் அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள், வேகமாகப் பெருக்கும் என்று கணிக்கப்பட்டவர்களுக்கே கொடுப்பார்கள். தாகம் வாட்டும், இரவில் பல தடவை எழும்ப வேண்டி வரும், சிலருக்கு ஈரலைத் தாக்குமென்பதால் முதல் ஒன்றரை வருடம் மாதாமாதம் இரத்தம் கொடுக்க வேண்டும். நோயை நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஐந்து வருட டயலிசிஸ் தள்ளிப்போவது எவ்வளவு பெறுமதி என்பதை டயலிசிஸ் செய்கிறவரின் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

மலிவான மருந்து பிறசரைக் கட்டுப்படுத்துவது. 2014இல் வந்த ஒரு ஆய்வில், 15 முதல் 49 வயது வரை சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்த நோயாளிகளின் பிறசரை வழமையைவிடக் கீழே, 110க்கு 75ஐத் தாண்டாமல் வைத்தபோது கட்டி வளர்ச்சி 14 வீதம் மெதுவானது. எல்லோருக்கும் அவ்வளவு கீழே வைக்கலாம் என்று இல்லை, அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உப்பைக் குறைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரே நேரத்தில் தட்டுக்கு வர வேண்டுமென்று சட்டம் இல்லையே. தண்ணீர் நிறையக் குடித்தால் கட்டி வளராது என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு, அதனால் வளர்ச்சி குறையவில்லை என்றது. தாகத்துக்குக் குடியுங்கள், வாளிக் கணக்கில் வேண்டாம்.

இப்போது எங்கள் குடும்பங்களுக்கு வருகிறேன். பிள்ளைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆண் பெண் வித்தியாசமில்லை, மூத்தது இளையது வித்தியாசமில்லை. நாலு பிள்ளை இருந்தால் இரண்டு பேருக்குத்தான் என்றும் கணக்கில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு சுண்டிப் பார்ப்பது போலத் தனித்தனியே. பத்தில் ஒருவர் அளவில் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். ஆனால் "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை" என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது நான் நம்பத் தயங்குகிறேன். அந்தக் காலத்தில் ஊரில் ஸ்கான் எங்கே இருந்தது? "கால் கை வீங்கி மோசம் போனவர்", "பிறசரால் போனவர்", "தலையிடிக்குது எண்டு சொல்லி விழுந்தவர், எழும்பேல்லை". இப்படித்தானே எங்கள் பெரியப்பாமாரின் மரணச் சான்றிதழ். அதுகூட இடம்பெயர்வுகளில் தொலைந்து போனது. சண்டைக் காலத்தில் ஐம்பது வயதில் இறந்தவரை எந்த வருத்தம் என்று யார் தேடினார்கள்?

அந்தத் தலையிடிக் கதையைத் தட்டிக் கழிக்க வேண்டாம். இந்த நோயுள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவில் மூளையின் இரத்தக் குழாயில் பலவீனமான வீக்கம் ஒன்று இருக்கலாம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில வெடிக்கும். இரத்தச் சொந்தத்தில் ஒருவர் அப்படித் திடீரென்று போயிருந்தால் ஆபத்து கூட. அந்தக் கதையைச் சொன்னால்தான் வைத்தியர் மூளை ஸ்கானுக்கு எழுதுவார். கனடாவில் படித்த எந்த வைத்தியருக்கும் உங்கள் பெரியப்பாவைத் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நேயர் தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் பாரிஸில் டயலிசிஸில் இருக்கிறார், சீனி வருத்தத்தால் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி இங்கிருந்து போய்ச் சிறுநீரகம் கொடுக்க ஆயத்தம். பரிசோதனைக்குப் போனபோதுதான் அவருடைய சிறுநீரகங்களிலும் கட்டிகள் தெரிந்தன. அண்ணனுக்கு எட்டு வருடத்துக்கு முன்பே நோயின் பெயர் தெரியும். அண்ணனின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தபடியால் மூடி வைத்திருக்கிறார்கள். "எட்டு வருசம் பிறசர் மருந்து எடுத்திருக்கலாமே தம்பி" என்றார் அந்த அம்மா. நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

கலியாணப் பேச்சின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் சமூகத்தில் அது உண்மையான பயம். ஆனால் மறைத்தால் நோய் மறைவதில்லை. இந்த நோயை வைத்துக்கொண்டு படித்து, வேலை செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறவர்கள் ஏராளம். குறைந்தபட்சம் சகோதரங்களுக்காவது சொல்லுங்கள். ஊருக்குச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

சகோதரம் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் முதலில் அவருக்கு நோய் இல்லையென்று நிச்சயப்படுத்துவார்கள். ரொறன்ரோவில் டொக்டர் யோர்க் பேய் என்ற நிபுணரும் மற்றவர்களும் 2009இல் இதற்கு ஒரு அளவுகோல் வகுத்தார்கள். குடும்பத்தில் நோய் இருந்து, 15 முதல் 39 வயதுக்குள் அல்ட்ரா சவுண்டில் இரண்டு சிறுநீரகங்களிலுமாக மூன்று கட்டி கண்டால் நோய் உண்டு. 40 வயதுக்கு மேல் ஒரு கட்டிக்கு மேல் காணாவிட்டால் நோய் இல்லை. இளம் வயதில் அல்ட்ரா சவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்பது முழு விடுதலை அல்ல. அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கானோ மரபணுப் பரிசோதனையோ தேவைப்படும். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு தடவை பிறசர் பார்ப்பது முதற்படி. ஸ்கான் செய்வதா என்பதைப் பெற்றோரும் வைத்தியரும் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

முன்னே சொன்ன குழந்தைகளின் நோய் வேறு கணக்கு. 2002இல் அதன் மரபணு 6ஆம் நிறமூர்த்தத்தில் பிடிபட்டது. 20,000 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். சிறுநீரகத்தோடு ஈரலும் தழும்பேறிப் போகும். தாய் தகப்பன் இருவரும் நோயில்லாமல், ஆளுக்கொரு பழுதான பிரதியைக் காவிக்கொண்டிருந்தால்தான் வரும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. மச்சான் மச்சாள் கலியாணங்களில் இருவரும் ஒரே பழுதைக் காவும் சாத்தியம் கூடுதல் என்பதால் குடும்பத்தில் அப்படி ஒரு குழந்தை இறந்திருந்தால் கலியாணத்துக்கு முன் மரபியல் ஆலோசகரைக் கேட்பது நல்லது.

கடைசியாக என் தொழில் சார்ந்த விஷயம் ஒன்று. "பரிசோதித்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது" என்று பலர் பயப்படுகிறார்கள். கனடாவில் 2017இல் ஒரு சட்டம் வந்தது. மரபணுப் பரிசோதனை செய்யும்படியோ அதன் முடிவைக் காட்டும்படியோ எந்தக் கொம்பனியும் நிபந்தனை போட முடியாது, போட்டால் குற்றம். 2020இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் கவனம்: ஸ்கான் மரபணுப் பரிசோதனை அல்ல. ஸ்கானில் கட்டி கண்டால், ஆயுள் காப்புறுதிப் படிவத்தில் கேட்கும்போது சொல்லத்தான் வேண்டும். தாய் தகப்பனுக்கு என்ன நோய் என்ற கேள்விக்கும் உண்மை எழுத வேண்டும். பொய் எழுதினால் பிறகு மனைவி பிள்ளைகளுக்குப் பணம் மறுக்கப்படலாம், அப்படி நடந்த கோவைகளைப் பார்த்திருக்கிறேன். வேலையிடத்துக் குழுக் காப்புறுதியில் அடிப்படைத் தொகைக்குப் பெரும்பாலும் மருத்துவக் கேள்வி கேட்பதில்லை. அதைத் தட்டிவிடாதீர்கள். இருபத்தைந்து வயதில் சுகமாக இருக்கும் பிள்ளை முதலில் காப்புறுதியை ஒழுங்கு செய்துவிட்டுப் பிறகு ஸ்கானுக்குப் போவதில் சட்டப் பிழை ஒன்றுமில்லை. பிறசர் பார்ப்பதை மட்டும் அதற்காகப் பின்போட வேண்டாம்.

ஒரு கடதாசி எடுங்கள். அம்மா பக்கம் ஒரு நிரல், அப்பா பக்கம் ஒரு நிரல். பேர், இறந்த வயது, என்ன சொல்லி இறந்தார், டயலிசிஸ் செய்தவரா, தலையிடித்து விழுந்தவரா. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊரில் இருக்கும் மூத்த மாமியிடமோ சித்தியிடமோ இந்தக் கிழமையே கேளுங்கள், அவர்களுக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடதாசியை அடுத்த தடவை குடும்ப வைத்தியரிடம் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்து, அவருடைய கோவையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் சகோதரங்களுக்கும் அனுப்புங்கள்.